வடசென்னையின் வருங்காலத் தடங்களும் நிலையப் பெயர்களும்

வளர்ந்துவரும் ஒரு நகரத்துக்குப் புதிய ரயில் தடம் வகுக்கப்படும்போது, அது எவ்வழியே செல்லவேண்டும் என்ற வினாவைப் பொறியாளர்களிடமும், அதன் நிலையங்களுக்கு என்ன பெயர் சூட்டவேண்டும் என்ற வினாவை ஆட்சியாளர்களிடமும் பிரித்துக் கொடுத்துவிட்டு, ஜனங்கள் இரண்டுக்கும் சாட்சிகளாக நிற்பதே நெடுங்காலமாக நம் நாட்டு வழக்கமாயிருந்து வருகிறது. முன்னது கணக்கின் பாற்பட்டது, பின்னது மரியாதையின் பாற்பட்டது, இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடலையொட்டி நீண்டு கிடக்கும் வடசென்னைப் பிரதேசத்தின் சரித்திரத்தையும், அங்கு 2021ஆம் ஆண்டு முதல் ஓடிவரும் மெட்ரோ ரயிலின் நிலையங்களையும் ஒருசேர வைத்து ஆராய்வோர்க்கு இவ்வெண்ணம் பிழையென்று புலப்படும். ஜனங்கள் கூடுகிற, இறங்குகிற, வேலைக்குப் பிரிந்துபோகிற இடமெல்லாம் அவர்களாலேயே பெயர் பெற்றிருக்கிறது. அத்தகைய பெயர்களைத் தொட்டுக்கொண்டு செல்லும் தடமே அவர்களுக்குப் பயன்படும் தடம். நிலையத்துக்குப் பெயர் தேடி அலையவேண்டிய நிலை ஒரு திட்டத்துக்கு நேருமானால், தடமே தக்க இடத்தில் செல்கிறதா என்று அதனை வகுத்தோர் மீண்டும் ஒருமுறை பார்க்கவேண்டும். இதுவே இக்கட்டுரை நிறுவ விரும்பும் துணிபு.

வடக்கே தொடங்கித் தெற்கே சென்ற போக்குவரத்து

சென்னையின் போக்குவரத்துச் சரித்திரம் வடக்கிலேயே தொடங்கியது என்பதை இன்று பலர் மறந்துவிட்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாசில் காக்ரேன் என்பவரின் முயற்சியால் சென்னையிலிருந்து எண்ணூர் வரை ஒரு கால்வாய் வெட்டப்பட்டது; பின்னர் 1876 முதல் 1878 வரை நிலவிய கொடும் பஞ்சத்தின்போது, கூலி கொடுத்து ஜனங்களின் உயிரைக் காக்கும் நிவாரண வேலையாக அது விரிவாக்கப்பட்டு, அந்நாளைய கவர்னராயிருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயரைப் பெற்றது. விறகும் உப்பும் நெல்லும் ஏற்றிய படகுகள் நகரத்துக்குள் வந்தது அவ்வழியேதான். தென்னிந்தியாவின் முதல் பிரயாணிகள் ரயில் 1856ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் நாள் வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்டதும் ராயபுரம் நிலையத்திலிருந்தே. தூண்கள் வரிசையாக நிற்கும் அந்தக் கட்டடம் இந்நாட்டில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடமாக இன்றும் நிற்கிறது.

எனினும், 1873இல் சென்ட்ரல் நிலையம் எழுந்தபின் ராயபுரத்தின் முதன்மை படிப்படியாகத் தேய்ந்தது. மின்சார ரயில் 1931இல் முதன்முதல் கடற்கரையிலிருந்து தாம்பரம் நோக்கி, அதாவது தெற்கு நோக்கியே ஓடியது. 1895இல் தொடங்கிய டிராம் வண்டிகள் 1953இல் நின்றுபோயின. பறக்கும் ரயில் என்று ஜனங்கள் அழைக்கும் உயர்பாதை ரயிலும் கடற்கரையிலிருந்து மயிலாப்பூர் வழியாக வேளச்சேரிக்கே சென்றது. மெட்ரோ ரயிலின் முதற் பகுதி 2015ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே திறக்கப்பட்டது. சுரங்கத் தடம் வடக்கே வண்ணாரப்பேட்டையை எட்டியது 2019 பிப்ரவரியில். முதற் கட்டத்தின் மூலத் திட்டம் அத்துடன் முடிந்திருந்தது. அதற்கப்பால் உள்ள தொழிலாளர் குடியிருப்புகளுக்கும் தடம் வேண்டும் என்ற கோரிக்கை ஏற்கப்பட்டு, 3,770 கோடி ரூபாய் மதிப்பில், ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நீளமுள்ள நீட்டிப்பு தனியே அனுமதி பெற்று, 2021 பிப்ரவரி 14ஆம் நாள் விம்கோ நகர் வரை திறக்கப்பட்டது.

இந்த வரிசையைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். நகரத்தைத் தாங்கிய கைத்தொழில்கள் வடக்கே இருந்தன. வண்டிகள் தெற்கே ஓடின. அசோக் லேலண்டின் லாரிகள் எண்ணூரில் உருவாயின; என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்களும் எம்.ஆர்.எஃப். டயர்களும் திருவொற்றியூரில் உருவாயின. பெட்ரோலிய சுத்திகரிப்பும் உரமும் 1960களில் மணலியில் வேரூன்றின. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் 2017 வரை நகரத்துக்கு விளக்கேற்றியது. கடலும் இதே பாடத்தைக் கற்பிக்கிறது. சென்னைத் துறைமுகத்தின் கற்சுவர்கள் கடலுக்குள் நீட்டப்பட்ட பிறகு, கரையோரமாக வடக்கு நோக்கி நகர்ந்து செல்லும் மணல் அச்சுவர்களால் தடைப்பட்டுத் தென்புறத்தில் சேர, மெரினா அகன்ற கடற்கரையாயிற்று. மணல் வந்து சேராத வடபுறத்தில் ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கரை அரிந்து, தெருக்களும் குப்பங்களும் அலைக்கு இரையாயின. துறைமுகத்தின் லாபம் நகரம் முழுவதற்கும் கிட்டியது. அதன் நஷ்டத்தை வடக்கு தனியே சுமந்தது. வருங்காலத் தடங்களைப்பற்றிச் சிந்திப்போர் இக்கணக்கை முதலில் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

இன்றைய நிலையங்கள் சொல்லும் செய்தி

இப்போது ஓடும் தடத்தின் நிலையப் பெயர்களைத் தெற்கிலிருந்து வடக்காக வரிசைப்படுத்துவோம்: வண்ணாரப்பேட்டை, தியாகராயா கல்லூரி, தண்டையார்பேட்டை, புதுவண்ணாரப்பேட்டை, சுங்கச்சாவடி, காலடிப்பேட்டை, திருவொற்றியூர் தேரடி, திருவொற்றியூர், விம்கோ நகர், விம்கோ நகர் பணிமனை. இவற்றுள் வண்ணாரப்பேட்டையும் தியாகராயா கல்லூரியும் தண்டையார்பேட்டையும் பூமிக்கடியில் அமைந்தவை. அதற்கப்பால் தடம் மேலெழுந்து உயர்பாதையாகிறது. இச்சிறு வரிசையில் நெசவும், சலவையும், சுங்கமும், சமயமும், கல்வியும், தீப்பெட்டித் தொழிலும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. வேறெந்தத் தடத்திலும் நம் நகரத்தின் உழைப்பு இவ்வளவு தெளிவாகப் பெயர்ப்பலகைகளில் எழுதப்பட்டிருப்பதாகத் தோன்றவில்லை.

வண்ணாரப்பேட்டை, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏற்றுமதித் துணிகளை வெளுத்துக் கொடுத்தோர் குடியமர்ந்த பேட்டை. காலடிப்பேட்டையோ, 1717 முதல் 1720 வரை கவர்னராயிருந்த ஜோசப் காலெட் என்பவர் நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர். காலெட் பேட்டை என்று தொடங்கிய பெயரை ஜனங்கள் தம் நாவுக்கு ஏற்பக் காலடிப்பேட்டையாக்கிக்கொண்டனர். அந்நியன் பெயர் முன்னூறு ஆண்டுகளில் ஊர்ச்சொத்தாகி, அங்குள்ள கல்யாண வரதராஜப் பெருமாள் கோயிலோடு சேர்ந்து ஒலிக்கிறது. சுங்கச்சாவடி, நகரத்தின் எல்லையில் வண்டிகளுக்கு வரி வாங்கிய இடம். சாவடி போய்விட்டது; எல்லையும் வெகு தூரம் வடக்கே நகர்ந்துவிட்டது; ஆயினும் பஸ்ஸில் ஏறுவோர் இன்றும் “டோல்கேட்” என்றே சீட்டு வாங்குகின்றனர். விம்கோ என்பது 1923இல் நிறுவப்பட்ட மேற்கிந்தியத் தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர்ச் சுருக்கம். அதன் தொழிலாளர் வாழ்ந்த பகுதி நகராகி, மின்சார ரயில் நிலையமாகி, மெட்ரோ நிலையமாகவும் ஆயிற்று.

தண்டையார்பேட்டை ஓர் எச்சரிக்கையை நமக்கு அளிக்கிறது. தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியிலிருந்து வந்து இப்பகுதியில் வாழ்ந்து 1838இல் மறைந்த ஸூஃபி ஞானக்கவி குணங்குடி மஸ்தான் சாகிபுவைத் தொண்டியார் என்று ஜனங்கள் போற்றியதால் ஊர் அப்பெயர் பெற்றது என்பது பரவலான வழக்கு. ஆனால் எழும்பூர், புரசைவாக்கம் ஆகியவற்றோடு இவ்வூரும் 1693இலேயே கம்பெனியாரிடம் வந்து சேர்ந்ததாகப் பதிவுகள் கூறுகின்றன. அந்த மகானோ அதற்கு ஒரு நூற்றாண்டு கழித்தே பிறந்தவர். எனவே ஊர்ப் பெயர் முந்தியது, பெயர்க் கதை பிந்தியது. இதனால் அக்கதை பொருளற்றதாகிவிடாது. ஓர் இஸ்லாமிய ஞானியின் நினைவை இவ்வூர் ஜனங்கள் தம் ஊர்ப் பெயரிலேயே ஏற்றிக்கொண்டனர் என்பது மற்றொரு பெரிய உண்மை. நிலையங்களில் சரித்திரத்தை எழுதிவைக்க முற்படுவோர், பதிவு சொல்வது இது, மரபு சொல்வது இது என்று இரண்டையும் பிரித்தே எழுதவேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

திருவொற்றியூரைப்பற்றி விரித்துச் சொல்லவேண்டியதில்லை. மூவர் பாடல் பெற்ற ஸ்தலம். சுந்தரர் சங்கிலியாரை மணந்த ஊர். செக்கு வாணிபத்தில் ஈட்டிய பொருளையெல்லாம் கோயில் விளக்குக்கே அளித்த கலிய நாயனார் பிறந்த ஊர். பட்டினத்தார் அடக்கமான கடற்கரை. வீணை குப்பையரின் அழைப்பை ஏற்று வந்த தியாகராஜ ஸ்வாமிகள் திரிபுரசுந்தரியைப் பாடிய சந்நிதி. ஆண்டுதோறும் மாசிப் பெருவிழாவில் மகிழடி சேவையின்போது, சுந்தரர் மகிழ மரத்தடியில் செய்த சபதத்தை ஊரே கூடி நினைவுகூர்கிறது. மெட்ரோத் திட்டத்தின் தொடக்க வரைபடங்களில் தாங்கல், கௌரி ஆசிரமம் என்னும் பெயர்கள் இடம்பெற்றிருந்தன. திறந்தபோதோ காலடிப்பேட்டை, திருவொற்றியூர் தேரடி என்ற பெயர்களே நிலைத்தன. தேர் நிற்குமிடத்தை அறியாதவர் அவ்வூரில் ஒருவரும் இல்லை. ஆதலால் இத்தேர்வு நல்ல தேர்வு.

குறையும் இல்லாமலில்லை. வண்ணாரப்பேட்டை, புதுவண்ணாரப்பேட்டை என்றும், திருவொற்றியூர் தேரடி, திருவொற்றியூர் என்றும், விம்கோ நகர், விம்கோ நகர் பணிமனை என்றும் ஒரே தடத்தில் மூன்று இரட்டைப் பெயர்கள் உள்ளன. அவற்றோடு வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர் ஆகிய நான்கு பெயர்கள் மின்சார ரயில் நிலையங்களுக்கும் உரியவை. இரைச்சல் மிகுந்த வண்டியில் அறிவிப்பைப் பாதி கேட்டு இறங்கும் முதியவர்க்கும், ஊருக்குப் புதிதாக வேலை தேடி வந்தவர்க்கும் இது மயக்கம் தரும். அந்த இடங்களில் தனித்த பெயர்கள் ஜனங்களின் வழக்கில் இல்லாமற் போகவில்லை. அவற்றைக் கேட்டறிய உரிய ஏற்பாடு இல்லை என்பதே காரணம்.

பிற நகரங்கள் கண்ட வழிகள்

உலகின் முதல் சுரங்க ரயில் லண்டன் நகரில் 1863 ஜனவரி 10ஆம் நாள் ஓடியது. அந்நகரத்தார் பெயர் விஷயத்தில் பெரும்பாலும் ஊர் வழக்கையே பின்பற்றினர். “எலிஃபெண்ட் அண்ட் காசில்” என்று ஒரு பழைய சத்திரத்தின் பெயர்கூட நிலையப் பெயராயிற்று. 1933இல் ஹாரி பெக் என்பவர் வரைந்த வரைபடம் வெளியான பிறகு, லண்டன்வாசிகள் தம் நகரத்தை அந்த வரைபடத்தின் வடிவிலேயே நினைவில் வைத்துக்கொண்டனர் என்பர். வரைபடத்தில் இடம்பெற்ற ஊர் நகரத்தின் உள்ளே இருப்பதாகவும், இடம்பெறாத ஊர் வெளியே இருப்பதாகவும் எண்ணம் உண்டாகிவிடுகிறது. எண்ணூர் இன்று அவ்வாறு வெளியே நிற்கும் ஊர்.

1900இல் தொடங்கிய பாரிஸ் மெட்ரோ வேறு வழி கண்டது. போர்க்களங்களையும் தலைவர்களையும் அறிஞர்களையும் அது நிலையப் பெயர்களாக்கியது. ஆயினும் 1970இல் ஷார்ல் தெ கோல் மறைந்தபோது, எத்துவால் என்னும் பழைய நிலையப் பெயரை நீக்காமல், அவர் பெயரை அதன்முன் சேர்த்து வைத்தனர். நம் சென்னையிலும் 2020ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் ஆலந்தூர், சென்ட்ரல், கோயம்பேடு புறநகர்ப் பேருந்து நிலையம் ஆகிய மூன்று மெட்ரோ நிலையங்களுக்கு முறையே அறிஞர் அண்ணா, எம்.ஜி. ராமச்சந்திரன், ஜெயலலிதா ஆகியோரின் பெயர்கள் சூட்டப்பட்டபோது இடப்பெயரும் கூடவே நின்றது. கல்கத்தா மெட்ரோவின் தெற்கு நீட்டிப்பின்போது டாலிகஞ்ச் நிலையம் மகாநாயக் உத்தம் குமார் என்றும், கரியா பஜார் கவி நஸ்ருல் என்றும் மாறின. டாலிகஞ்ச் வங்காளத் திரைப்படங்களின் பிறப்பிடமாதலால் முன்னதற்குத் தகுதி உண்டு. எனினும் முதன்முறை வரும் பிரயாணி தான் இறங்கவேண்டிய பேட்டை எதுவென்று அப்பெயரைக்கொண்டு அறிய இயலாது.

வடசென்னைக்கு மிக நெருங்கிய உதாரணம் சிங்கப்பூரில் இருக்கிறது. 1987இல் ரயில் தொடங்கிய அந்நகரத்தில், மூன்று தடங்கள் சந்திக்கும் பெருநிலையத்துக்கு இன்றைய பெயர் தோபி காட். இந்தியாவிலிருந்து சென்ற சலவைத் தொழிலாளர்கள் ஓடையோரத்தில் துணி துவைத்து உலர்த்திய இடம் அது. கோடீஸ்வர வணிகர்கள் நிறைந்த ஒரு மாநகரம் தன் மையமான நிலையத்துக்குச் சலவைத் துறையின் பெயரை வைத்துக்கொண்டு நாணவில்லை; அதனால் அதன் பெருமை கூடியதேயன்றிக் குறையவில்லை.

மெக்சிகோ நகரம் 1969இல் தன் மெட்ரோவைத் திறந்தபோது, படிப்பறிவில்லாதோரும் தடுமாறாமல் பிரயாணம் செய்யவேண்டும் என்று கருதி, ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு சித்திரச் சின்னத்தை அமைத்தது. பல மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர் தமிழெழுத்து அறியாமல் வாழும் மணலிக்கும் எண்ணூருக்கும் இம்முறை பெரிதும் பொருந்தும். தேரடிக்குத் தேர், காலடிப்பேட்டைக்குத் தறி, விம்கோ நகருக்குத் தீக்குச்சி, காசிமேட்டுக்கு விசைப்படகு என்று சின்னங்கள் தாமே வந்து அமைகின்றன.

வருங்காலத் தடங்கள்: மூன்று யோசனைகள்

மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர் நீளமும் மூன்று வழித்தடங்களும் கொண்டது. அதற்கு 63,246 கோடி ரூபாய் செலவில் 2024 அக்டோபரில் மத்திய மந்திரிசபை ஒப்புதல் அளித்தது. மாதவரம் பால்பண்ணையிலிருந்து சிறுசேரிக்கும், மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூருக்கும், கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்கும் அவை செல்கின்றன. மாதவரத்துக்கு அருகே ஒரு நிலையத்துக்குத் தபால்பெட்டி என்ற ஊர்வழக்குப் பெயரே வைக்கப்பட்டிருப்பது மகிழ்ச்சிக்குரியது. இதற்கப்பால் கிளாம்பாக்கத்துக்கும் பட்டாபிராமுக்கும் பரந்தூருக்கும் நீட்டிப்புகள் திட்டமிடப்பட்டுள்ளன. இவையனைத்தும் வேண்டியவையே. ஆனால் திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி ஆகிய ஊர்கள் 2011இல் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டு, மண்டல வரிசையில் முதலாவதும் இரண்டாவதுமான எண்களைப் பெற்றிருந்தும், இரண்டாம் கட்டத் தடங்களுள் ஒன்றும் எண்ணூரையோ மணலியையோ எட்டவில்லை. ஆதலின் அடுத்த கட்டத்துக்கு மூன்று தடங்களை இங்கு முன்வைக்கிறோம்.

முதலாவது, துறைமுகத் தடம். இன்றைய தடம் உயர் நீதிமன்றத்திலிருந்து மண்ணடி வழியே வண்ணாரப்பேட்டைக்குத் திரும்பிவிடுவதால், ராயபுரத்தின் கடலோரமும் காசிமேடும் விடுபட்டுப்போயின. உயர் நீதிமன்றத்திலிருந்து பிரிந்து, கிளைவ் பேட்டரி, ராயபுரம், கல்மண்டபம், காசிமேடு ஆகிய இடங்களைத் தொட்டுச் சுங்கச்சாவடியில் மீண்டும் பழைய தடத்தோடு சேருமாறு ஒரு சுரங்கத் தடம் அமையலாம். இந்த நான்கு பெயர்களுள் ஒன்றையேனும் நாம் படைக்கவில்லை. நான்கும் பஸ் கண்டக்டர்கள் நாள்தோறும் கூவுபவை. ராயபுரம் என்னும் பெயர், இயேசுவின் சீடரான பேதுருவைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் ராயப்பர் என்று வழங்கியதை ஒட்டி எழுந்தது என்பர். அலைமேல் படகோட்டிச் சரக்கிறக்கிய படகோட்டிகளின் பொருளால் எழுந்த ராயப்பர் ஆலயம் இன்றும் அங்கு நிற்கிறது. திராவிட முன்னேற்றக் கழகத்தின் முதற் பொதுக்கூட்டம் 1949 செப்டம்பர் 18ஆம் நாள் கூடிய ராபின்சன் பூங்காவும் இப்பகுதியிலேயே உள்ளது. 1856ஆம் ஆண்டின் ரயில் நிலையத்தின் அருகே புதிய நிலையம் அமையுமாயின், பழைய கட்டடத்தின் அஸ்திவாரத்துக்கு அதிர்வால் கேடு வராதபடி தடத்தை விலக்கி அமைப்பது முதற்கடமை. காசிமேட்டு நிலையத்தில் மீன் கூடைகளோடு ஏறும் பெண்களுக்குத் தனிப் பெட்டியும், விடியுமுன் முதல் வண்டியும் வேண்டும். ஏலம் முடிந்தபின் வரும் வண்டியால் அவர்களுக்குப் பயனில்லை.

இரண்டாவது, எண்ணூர்த் தடம். விம்கோ நகரிலிருந்து எர்ணாவூர், கத்திவாக்கம், எண்ணூர் என்று சென்று, ஆற்று முகத்துவாரத்துக்கு அருகிலுள்ள நெட்டுக்குப்பத்தில் அது முடியலாம். கரை அரிப்பு மிகுந்த கடலோரச் சாலையை விட்டு, உட்புறமாக, உயர்பாதையாகவே இது செல்லவேண்டும்; கடல்நீர் ஏறிய மணலில் சுரங்கம் தோண்டுவது பொருட்செலவும் அபாயமும் மிக்கது. கொசஸ்தலை ஆற்றின் கழியைக் கடந்து அத்திப்பட்டுக்கும் மீஞ்சூருக்கும் இத்தடத்தை நீட்டவேண்டும் என்போரும் உளர். அங்கே மின்சார ரயில் ஏற்கெனவே கழியைக் கடந்து செல்கிறது. அவ்வண்டிகளை அடிக்கடி ஓடச்செய்து, எண்ணூரில் இரண்டையும் ஒரே கூரையின்கீழ் இணைப்பதே உசிதம். அனல்மின் நிலையச் சாம்பலாலும், துறைமுக விரிவாலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு பரவிய எண்ணெயாலும் நைந்துபோன அந்தக் கழி, வெள்ளக் காலத்தில் வடசென்னையின் நீரைக் கடலுக்கு விடும் வாயிலாகவும், இறாலும் நண்டும் பிடித்து வாழும் குடும்பங்களின் ஜீவாதாரமாகவும் விளங்குகிறது. அதில் இன்னொரு தூண் வரிசையை நாட்டுவது நியாயமாகாது.

மூன்றாவது, குறுக்குத் தடம். சென்னையின் தடங்கள் பெரும்பாலும் மையத்தை நோக்கியே செல்வதால், வடக்கே ஒரு தொழிற்பேட்டையிலிருந்து மற்றொன்றுக்குப் போவோர் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும் சாலைகளில் பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் காத்திருக்கின்றனர். மாதவரம் பால்பண்ணையிலிருந்து மாத்தூர், மணலி, இரும்பு வணிகச் சந்தை உள்ள சாத்தாங்காடு ஆகியவற்றைத் தொட்டு, பக்கிங்காம் கால்வாயைக் கடந்து திருவொற்றியூரில் சேரும் ஒரு தடம் இக்குறையைத் தீர்க்கும். இரண்டாம் கட்டத்தின் இரு வழித்தடங்கள் மாதவரத்தில் தொடங்குவதால், எண்ணூர்த் தொழிலாளியின் மகள் சிறுசேரிக் கணினி நிறுவனத்துக்குச் சென்ட்ரலைச் சுற்றாமல் செல்ல வழி பிறக்கும். சாத்தாங்காடு, திருவொற்றியூர், கத்திவாக்கம் மூன்றும் 1708இல் கம்பெனியாருக்கு ஒருங்கே அளிக்கப்பட்ட ஐந்து கிராமங்களைச் சேர்ந்தவை. முன்னூறு ஆண்டுகளுக்குமுன் ஒரே சாஸனத்தால் நகரத்தோடு சேர்ந்த ஊர்கள் இனி ஒரே தடத்தொகுதியால் நகரத்தோடு சேரட்டும்.

எழக்கூடிய ஆட்சேபங்கள்

பெருந்தலைவர்களின் பெயர்களை நிலையங்களுக்குச் சூட்டுவது நன்றியறிதல் அன்றோ என்று சிலர் கேட்பர். நன்றியறிதலே, அதில் ஐயமில்லை. தியாகராயா கல்லூரி நிலையத்தில் பிட்டி தியாகராய செட்டியாரின் பெயர் எவ்வளவு இயல்பாக அமைந்திருக்கிறது என்பதைப் பாருங்கள்: அவர் வாழ்ந்து தொண்டாற்றிய பகுதி அது, அவர் பெயரால் எழுந்த கல்லூரி அங்கே இருக்கிறது, ஜனங்கள் நெடுநாளாக அவ்விடத்தை அப்பெயரால் அழைக்கின்றனர். இம்மூன்று பொருத்தங்களும் உள்ளவிடத்தில் தலைவர் பெயரைத் தயங்காமல் வைக்கலாம். அவை இல்லாதவிடத்தில் பலகையில் ஊர்ப் பெயர் இருக்கட்டும். நிலையத்தின் உட்சுவர்களில் அவ்வூர்ப் பெரியோரின் வரலாறு இருக்கட்டும். தேரடியில் கலிய நாயனாரையும், தண்டையார்பேட்டையில் மஸ்தான் சாகிபுவையும், இந்நாட்டில் முதல் மே தினத்தை 1923இல் சென்னையில் கொண்டாடிய சிங்காரவேலரைக் காசிமேட்டு மீனவர் நடுவிலும் சித்திரமாக எழுதிவைத்தால், பெயர்ப்பலகையில் கிட்டும் மரியாதையைவிட அது அதிகமாகும். அவர்கள் செய்த காரியத்தைப் பிரயாணிகள் நின்று படித்தறிவார்கள்.

தொழிற்குழுவின் பெயரைத் தாங்கிய பேட்டைப் பெயர்கள் சாதிப் பெயர்களாக ஒலிப்பதால் அவற்றை மாற்றவேண்டும் என்ற ஆட்சேபம் இதனினும் கனமானது. அப்பெயரால் அவமதிப்பு அடைந்தோர் யாரோ அவர்களே இதில் தீர்ப்பளிக்க உரியவர்கள். வெளியிலிருந்து மரபின் பெயரால் காப்பதும், சீர்திருத்தத்தின் பெயரால் நீக்குவதும் ஒருங்கே தவறு. அவ்வூரில் வாழ்வோரைக் கேட்டு, அவர்கள் விரும்புகிறபடி செய்வதே நீதி.

கம்பெனிகளின் பெயரைப் பணம் பெற்றுக்கொண்டு நிலையங்களுக்கு வைக்கலாமா என்ற வினாவும் இக்காலத்தில் எழுகிறது. விம்கோ நகரும் ஒரு கம்பெனியின் பெயர்தானே என்று வாதிப்போர், அப்பெயர் விலைக்கு வந்ததன்று என்பதை மறந்துவிடுகின்றனர். தலைமுறை தலைமுறையாக அங்கே வேலை செய்து, குடியிருந்து, பிள்ளைகளைப் படிக்கவைத்த தொழிலாளரின் வாழ்க்கையே அதனை ஊர்ப் பெயராக்கியது. விளம்பரப் பெயரோ ஒப்பந்தக் காலம் முடிந்ததும் நீங்கிவிடும். பிரயாணிகள் மறுபடியும் புதுப்பெயரைக் கற்கவேண்டும்.

இறுதியாக, தடம் வந்தால் நிலமதிப்பு உயர்ந்து, வாடகை ஏறி, யாருக்காகத் தடம் போடப்பட்டதோ அவர்களே வெளியேற நேரும் என்ற அச்சம் குப்பங்களில் உண்டு. அது நியாயமான அச்சம். இதற்குப் பரிகாரம் தடத்தை மறுப்பதன்று. தடத்தோடு சேர்த்தே நிலையத்தைச் சூழ்ந்த குடியிருப்புகளுக்குப் பட்டாவும் வாடகைப் பாதுகாப்பும் அளிப்பதாகும். நெட்டுக்குப்பம் என்று நிலையத்துக்குப் பெயர் வைத்துவிட்டு, நெட்டுக்குப்பத்தாரை அங்கிருந்து அகற்றுவது அப்பெயருக்கே செய்யும் துரோகமாகும்.

செய்யவேண்டுவது

மேற்கூறியவற்றையெல்லாம் தொகுத்து நோக்கினால் செய்யத்தக்க காரியம் தெளிவாகிறது. இன்று விரிவான திட்ட அறிக்கை தயாரிக்கும்போது மண்ணைத் துளையிட்டுச் சோதிக்கின்றனர், வாகனங்களை எண்ணுகின்றனர், நிலமதிப்பைக் கணக்கிடுகின்றனர். இவற்றோடு நான்காவதாகப் பெயர்ச் சோதனை ஒன்றையும் சேர்க்கவேண்டும். மாநகராட்சியின் வார்டு தோறும் மீனவர் கிராம சபையாரையும், தொழிற்சங்கத்தாரையும், பஸ் கண்டக்டர்களையும், ஷேர் ஆட்டோ ஓட்டுநர்களையும், கோயில் ஆலயம் தர்கா நிர்வாகிகளையும், பள்ளி ஆசிரியர்களையும் அழைத்து, ஜனங்கள் எங்கெங்கே ஏறி இறங்குகின்றனர், அவ்விடங்களை எப்படி அழைக்கின்றனர் என்று பதிவு செய்து, அப்பதிவைத் தடம் முடிவாகும் முன்பே பொதுவில் வெளியிடவேண்டும். பெயர்கள் செறிந்து கிடக்கும் இடங்களே நிலையங்களுக்குரிய இடங்கள் என்பது அப்போது கண்கூடாகும். ஒரே பெயர் இரண்டிடத்தில் வராமற் காப்பதும், தமிழில் ஒருவிதமாகவும் ஆங்கிலத்தில் வேறொருவிதமாகவும் எழுதாமற் காப்பதும் எளிதாகும்.

இச்சோதனைக்குச் செலவு சொற்பம், பலனோ பெரிது. தென்னிந்தியாவின் முதல் ரயிலை வழியனுப்பிய ராயபுரமும், நகரத்துக்கு விளக்கும் லாரியும் தந்த எண்ணூரும், தேவாரம் ஒலித்த ஒற்றியூரும் அடுத்த கட்டத் திட்டத்தில் முதல் வரிசையில் இடம்பெறுவது அவற்றுக்கு நாம் செய்யும் உபகாரமன்று. நெடுநாளாக நிலுவையிலிருக்கும் கடனைத் திருப்பிச் செலுத்துவதேயாகும். அக்கடனை அளக்கவும் செலுத்தவும் உதவும் கணக்குப் புத்தகம் அவ்வூர் ஜனங்களிடத்தில் பெயர்களின் வடிவில் ஏற்கெனவே இருக்கிறது. திட்டம் வகுப்போர் அதனைக் கேட்டு வாங்கிப் படிக்கக் கடமைப்பட்டிருக்கின்றனர்.